இரவு ஷிப்ட் செவிலியர் ஆய்வு: நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பிய ஐந்து கேள்விகள்

வைகறை_ஆய்வு கேட்டது:

வணக்கம். முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வு முன்வரைவு ஒன்று நெறிமுறைக் குழுவிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. ஒரே மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்க்கும் செவிலியர்கள் 60 பேரிடம் வினாத்தாள், அவர்களில் 12 பேரிடம் ஒலிப்பதிவோடு ஒரு மணி நேர நேர்காணல். இவ்வளவுதான் ஆய்வு. வினாத்தாளில் தூக்கம் பற்றிய கேள்விகளோடு, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 சேர்க்கப்பட்டிருக்கிறது. ரத்தம் எடுப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை என்பதால் 'ஆபத்து ஏதுமில்லை' என்று முன்வரைவில் எழுதியிருந்தது. குழு கேட்டவை இவை:

1. தலைமைச் செவிலியர் வழியாக ஆள் சேர்ப்பது ஏற்புடையதல்ல. மாற்று வழி என்ன?
2. பி.எச்.க்யூ-9இன் 9ஆவது கேள்விக்கு 0 தவிர வேறு விடை வந்தால் என்ன செய்வீர்கள்?
3. 'யாரென்று எங்களுக்கே தெரியாது' என்றும், 'குறியீட்டு எண் தரப்படும்' என்றும் ஒரே படிவத்தில் இருக்கிறது. எது சரி?
4. விலகும் உரிமை எந்தக் கட்டம் வரை?
5. பங்கேற்பவருக்குத் தரும் தொகையின் அடிப்படை என்ன?

பேசாமல் 9ஆவது கேள்வியை எடுத்துவிட்டால் போதுமா? தலைமைச் செவிலியர் இல்லாமல் வார்டுக்குள் எப்படி நுழைவது? விவரமாகச் சொன்னால் நல்லது.

---

கோடைமழை:

இரண்டாவதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதும் நான்காவதும் அதற்கு என்ன முடிவெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தவை.

கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ எவ்வளவு அடிக்கடி வந்தது என்று அந்தக் கேள்வி கேட்கிறது. விடை 0 முதல் 3 வரை. ஒருவர் 3 என்று குறித்த தாளை உறையில் போட்டு வாங்கி, மூன்று மாதம் கழித்து எக்ஸெல்லில் ஏற்றும்போதுதான் அதைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். குழுவுக்கு இருக்கும் பயம் அதுதான். கேட்டுவிட்டால் வரும் பதிலுக்குப் பொறுப்பும் உங்களுடையது.

தற்கொலை எண்ணம் உங்கள் ஆய்வுக் கேள்வியில் இல்லையென்றால் பி.எச்.க்யூ-8ஐப் பயன்படுத்தலாம். அந்த ஒரு கேள்வி மட்டும் இல்லாத வடிவம் அது. பின்தொடர வழியில்லாத கணக்கெடுப்புகளில் பரவலாகப் பயன்படுகிறது. மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்ளும் 10 என்ற வெட்டுப்புள்ளி அப்படியே இருக்கும், மொத்த மதிப்பெண் மட்டும் 27இலிருந்து 24ஆகக் குறையும். கேள்வியை எடுத்துவிட்டு அறிக்கையில் பி.எச்.க்யூ-9 என்றே எழுதிவிடாதீர்கள், தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

வைத்துக்கொள்வதானால் கீழ்க்கண்டவை முன்வரைவிலேயே இருக்க வேண்டும்.

தாளை வாங்கியதும், அவர் அறையை விட்டுப் போகும் முன், 9ஆவது விடையை மட்டும் பாருங்கள். வேறெதையும் அப்போது படிக்க வேண்டாம். 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் தனியிடத்தில் பேச்சு. 'எண்ணம் மட்டுமா, எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, அதற்கான பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, இப்போது அந்த நோக்கம் இருக்கிறதா' என்று வரிசையாகக் கேட்க வேண்டும். பொருள் பற்றிய கேள்வி இங்கே சம்பிரதாயமல்ல. செவிலியருக்கு மருந்து அலமாரியின் சாவி கையிலேயே இருக்கும். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை, தயங்காமல் கேளுங்கள்.

1 என்று குறித்தவர்களில் பலர் 'போய்ச் சேர்ந்தால் நிம்மதி' என்ற அலுப்பைத்தான் சொல்லியிருப்பார்கள். சாக வேண்டும் என்ற எண்ணத்தையும் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் ஒரே கேள்வியில் போட்டதன் விளைவு அது. அதனால் எல்லோரையும் அவசரப் பிரிவுக்கு ஓட்டிச் செல்ல வேண்டியதில்லை. திட்டமோ நோக்கமோ இல்லையென்றால் ஆலோசகர் விவரமும் உதவி எண்ணும் எழுதிக் கொடுத்து, அவர் சம்மதித்தால் அங்கேயே ஆலோசகருக்குப் போன் போட்டுக் கொடுங்கள். இரண்டு நாளில் ஒருமுறை விசாரிக்கலாமா என்றும் கேட்டுவையுங்கள். திட்டமோ நோக்கமோ இருந்தால் அவரைத் தனியே விடக்கூடாது. அன்று பொறுப்பில் இருக்கும் மனநல மருத்துவர் வரும்வரை கூடவே இருக்க வேண்டும்.

அந்த மருத்துவர் யார், இரவு 2 மணிக்கு எந்த எண்ணில் கிடைப்பார், அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்பதைக் குழு நிச்சயம் கேட்கும். 'தேவைப்பட்டால் தகுந்த ஆலோசனைக்கு அனுப்பப்படும்' என்ற ஒற்றை வரியோடு போகும் முன்வரைவு மறுபடியும் திரும்பும். அந்த மருத்துவர் அதே மருத்துவமனைக்காரராக இருந்தால் இன்னொரு சிக்கல்: தன் சக ஊழியரிடமே போய் நிற்க எந்தச் செவிலியர் விரும்புவார்? வெளியிலிருந்து ஒருவரையும் ஏற்பாடு செய்துவையுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காக்கப்படாது என்பது ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பதிலைச் சொன்ன பிறகு அதைச் சொல்வது ஏமாற்று.

---

படிக்கட்டு:

முதல் கேள்விக்கு வருகிறேன்.

தலைமைச் செவிலியர்தான் டியூட்டி பட்டியல் போடுகிறார், விடுப்பு தருகிறார், ஆண்டறிக்கை எழுதுகிறார். அவர் கையிலிருந்து வரும் தாளை எத்தனை பேர் 'வேண்டாம்' என்று திருப்பித் தருவார்கள்? தருபவர்களின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் நெறிமுறை பற்றி உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனம் 1964இல் வந்தது, பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. பங்கேற்பவர் ஒப்புதல் கேட்பவரைச் சார்ந்து நிற்பவராக இருந்தால், அந்த உறவுக்கு வெளியே நிற்கும் தகுதியான வேறொருவர்தான் ஒப்புதல் கேட்க வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அங்கே பேசப்படுவது மருத்துவரும் நோயாளியும். மேலதிகாரிக்கும் கீழே வேலை செய்பவருக்கும் அதே தர்க்கம்தான்.

நிர்வாகத்தின் அனுமதி வேறு, பங்கேற்பாளரின் ஒப்புதல் வேறு. உள்ளே நுழைய முதலாவது வேண்டும், அதைக் கடிதமாக வாங்குங்கள். அதே கடிதத்தில் மூன்று விஷயங்களை நிர்வாகம் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும்: யார் பங்கேற்றார், யார் மறுத்தார் என்று கேட்காது, மூலத் தரவைக் கேட்காது, முடிவில் தொகுத்த அறிக்கை மட்டுமே பெறும். ஆய்வு பாதியில் இருக்கும்போது 'எந்த வார்டில் சோர்வு அதிகம், கொஞ்சம் சொல்லுங்களேன்' என்று கேட்டு ஆள் வருவார். அந்தக் கடிதம் கையில் இல்லையென்றால் அப்போது வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.

நடைமுறை இப்படி இருக்கட்டும். ஓய்வறையிலும் உடை மாற்றும் அறையிலும் அறிவிப்பு ஒட்டுங்கள், உங்கள் எண்ணோடு. ஷிப்ட் மாறும் கூட்டத்தில் ஐந்து நிமிடம் நீங்களே பேசுங்கள், அந்த ஐந்து நிமிடம் மேலதிகாரி அங்கே இருக்க வேண்டாம் என்று முன்பே கேட்டுவிடுங்கள். தகவல் தாள், வினாத்தாள், ஒட்டும் உறை மூன்றையும் அறுபது பேருக்கும் கொடுங்கள். விருப்பமில்லாதவர் வெற்றுத்தாளையே உறையில் போட்டு ஒட்டிப் பெட்டியில் இடலாம். எல்லோரும் ஓர் உறை போடுவதால் யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பெட்டி வார்டு மேசையில் இருக்கக்கூடாது.

இங்கே ஒரு முட்டல் இருக்கிறது. இந்த உறை முறையும், கோடைமழை சொன்ன 'அறையை விட்டுப் போகும் முன் பார்ப்பதும்' ஒத்துப்போகாது. உறை முறை வேண்டுமென்றால் பி.எச்.க்யூ-8தான். 9ஆவது கேள்வி வேண்டுமென்றால் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்தாக வேண்டும். இரண்டையும் ஒரே முன்வரைவில் எழுதி அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. உங்கள் மூன்றாவது கேள்வி அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

நேரத்தையும் கவனியுங்கள். பன்னிரண்டு மணி நேர இரவு டியூட்டி முடித்துக் கண் செருகும் ஆளிடம் காலை ஏழு மணிக்கு நான்கு பக்கத் தாளை நீட்டி வாங்கும் கையெழுத்து ஒப்புதலாகாது. தகவல் தாளைக் கொடுத்த பிறகு குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். நேர்காணலை ஓய்வு நாளிலோ மாலையிலோ மருத்துவமனைக்கு வெளியே வையுங்கள். டியூட்டி நேரத்தில் வைத்தால் அவரை விடுவிக்க மேலதிகாரி வேண்டும், அத்தோடு ரகசியம் போயிற்று.

புரிந்துகொண்டாரா என்று சோதிக்க 'புரிந்ததா?' என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இந்த ஆய்வில் உங்களிடம் என்ன கேட்கப் போகிறோம்? பாதியில் நிறுத்த வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? நீங்கள் சொன்னது யார் யாருக்குத் தெரியும்?' என்று கேளுங்கள். அவர் தன் வாயால் சொல்லட்டும். தடுமாறினால் மறுபடி விளக்கிவிட்டுக் கேளுங்கள். இதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

---

ஓரக்குறிப்பு:

பி.எச்.க்யூ-8க்கு மாறிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோர்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவிட்டால் 12 பேரில் யாராவது தாமாகவே அந்தப் பேச்சை எடுக்கலாம். தாளில் இல்லாத கேள்வி வாயில் வரும். ஆகவே கோடைமழை எழுதிய அந்த மருத்துவர், எண், படிகள் எல்லாம் நேர்காணல் பகுதிக்கு எப்படியும் தேவை. கேள்வியை நீக்குவது வினாத்தாளுக்கு மட்டும்தான் விடை.

'ஆபத்து ஏதுமில்லை' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். மனம் கலங்கலாம், சொன்னது வெளியே தெரிந்தால் வேலைக்குச் சிக்கல் வரலாம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன தடுப்பு என்று பக்கத்தில் எழுதுங்கள். ஊசி குத்தாததெல்லாம் ஆபத்தில்லாதது என்று எந்தக் குழுவும் ஒப்புக்கொள்வதில்லை.

ஐந்தாவதுக்குச் சுருக்கமாக: செலவழித்த நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஈடு, அவ்வளவுதான். இதற்காகவே ஒருவர் தன் தயக்கத்தை விழுங்கிவிட்டு வரும் அளவுக்குப் போகக்கூடாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து நடந்த சிபிலிஸ் ஆய்வில் இலவசப் பரிசோதனை, சாப்பாடு, ஈமச்செலவுக்கான காப்பீடு என்று ஏழைகளுக்கு மறுக்க முடியாதவைதான் தூண்டிலாக இருந்தன. பென்சிலின் வழக்கமான மருந்தான பிறகும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. உங்கள் ஆய்வு அந்த ரகமல்ல, ஆனாலும் குழு உறுப்பினர்கள் தொகையைப் பற்றித் துருவுவதற்கு அப்படியொரு பின்னணி உண்டு. பாதியில் விலகுபவருக்கும் தொகை உண்டு என்று எழுதுங்கள். முழுதும் முடித்தால்தான் பணம் என்றால் நான்காவது கேள்வியில் நீங்கள் தரும் உரிமைக்குப் பொருளில்லை.

---

வைகறை_ஆய்வு:

மூவருக்கும் நன்றி. வினாத்தாளுக்கு பி.எச்.க்யூ-8, உறை முறை. நேர்காணலுக்குத் தனி ஒப்புதலும் மருத்துவர் ஏற்பாடும் என்று பிரித்துவிடுவதாக முடிவு. அப்படியானால் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இரண்டு வகைப் பதில் எழுத வேண்டும் போலிருக்கிறது. இன்னொரு கேள்வி: நேர்காணலில் ஒரு செவிலியர் 'தூக்கக் கலக்கத்தில் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை' என்றால்?

---

உள்ளங்கைரேகை:

ஆமாம், இரண்டு வகைதான்.

வினாத்தாளில் பெயர் இல்லை, எண் இல்லை, கையெழுத்தும் வேண்டாம். கையெழுத்திட்ட ஒப்புதல் தாள்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒரே ஆவணம் என்றால் கையெழுத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். பல நாட்டு விதிகளில் இதற்கு இடமுண்டு. 'இதை நிரப்பிப் பெட்டியில் இட்டால் சம்மதம் என்று பொருள்' என்று தகவல் தாளில் ஒரு வரி போதும். உறை பெட்டிக்குள் விழுந்த பிறகு எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது, எனவே திரும்பப் பெற முடியாது. அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் பெயர் இல்லாததால் ஆள் தெரியாது என்று நம்பிவிடாதீர்கள். தரவு அந்தரங்கத்தை ஆராயும் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்று மட்டும் இருந்தாலே அமெரிக்கர்களில் 87% பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பிருக்கிறது என்று காட்டினார். உங்களிடம் இருப்பதோ 60 பேர், ஒரே கட்டடம். வார்டு, வயது, பாலினம், பணி அனுபவம் நான்கையும் கேட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒரே ஆண் செவிலியரின் மனச்சோர்வு மதிப்பெண்ணை அந்த மருத்துவமனையில் எல்லோரும் வாசித்துவிடலாம். வார்டு பெயரைக் கேட்காதீர்கள். 'தீவிர சிகிச்சை / மற்றவை' போதும். வயதைப் பத்தாண்டுப் பட்டைகளாகக் கேளுங்கள். அறிக்கை அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை வரும் கட்டங்களைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தை அப்படியே விட்டால் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், இதைப் பலர் யோசிப்பதில்லை. பகுப்பாய்வில் பயன்படுத்தப் போகாத எந்த விவரத்தையும் கேட்காமலிருப்பதே மேல்.

தாளுக்குப் பதில் கூகுள் படிவம் போடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால்: மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்க வேண்டும். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதைப் போட்டால் கணக்கில் உள்நுழையச் சொல்லும். மின்னஞ்சல் உங்களுக்கு வராவிட்டாலும் திரையில் தன் முகவரியைப் பார்த்ததும் பதில் சொல்பவருக்கு நம்பிக்கை போய்விடும். இந்த ஆய்வுக்குத் தாளே நல்லது.

நேர்காணலுக்கு வருவோம். இங்கே நீங்கள் ஆளை அறிவீர்கள், குறியீட்டு எண் தருகிறீர்கள். ஆகவே 'யாரென்று எங்களுக்கே தெரியாது' என்ற வாக்கியம் படிவத்தில் இருக்கக்கூடாது. 'எங்களுக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டோம்' என்பதுதான் உண்மை. பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒரு கோப்பு, ஒலிப்பதிவில் உள்ள பேச்சை எழுதிய எழுத்தாக்கம் இன்னொரு கோப்பு. இரண்டும் வேறு வேறு இடத்தில், கடவுச்சொல்லோடு. பட்டியலைத் திறக்கும் உரிமை உங்களுக்கும் வழிகாட்டிக்கும் மட்டும்.

ஒலிப்பதிவை சொந்தப் போனில் செய்தால் அது தானாகவே மேகக்கணிக்கு ஏறிக்கொண்டிருக்கும், பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. தனி ஒலிப்பதிவுக் கருவி வாங்குங்கள், இல்லையென்றால் காப்புப்பிரதி எடுக்கும் வசதியை அணைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். தானியங்கி எழுத்தாக்கச் சேவைக்கு ஏற்றுவதாக இருந்தால், பதிவு மூன்றாம் நபர் சர்வருக்குப் போகிறது என்று ஒப்புதலில் சொல்ல வேண்டும். எழுத்தாக்கத்தைச் சரிபார்த்த பிறகு ஒலிப்பதிவை அழிக்கும் தேதியையும் படிவத்தில் போடுங்கள். எழுத்தாக்கத்தில் பெயர்களை மட்டும் நீக்கினால் போதாது. ஒருவர் அடிக்கடி சொல்லும் சொலவடை, 'எனக்கு இரட்டைக் குழந்தைகள்' போன்ற விவரம், ஒரு குறிப்பிட்ட இரவில் நடந்த தீ விபத்து, எல்லாமே உடன் வேலை செய்பவருக்கு முகவரிதான்.

விலகல்: பங்கேற்பவர் விரும்பினால் சோதனையை நிறுத்தலாம் என்பதை நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் மனிதப் பரிசோதனைகளுக்கென வகுக்கப்பட்ட 1947இன் நூரெம்பெர்க் விதிகளில் 9ஆவதே சொல்லிவிட்டது. ஆனால் 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம், தரவு அழிக்கப்படும்' என்று எல்லையில்லாமல் வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற முடியாது. நேர்காணலின்போது எந்தக் கணமும் நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நேர்காணல் முடிந்து 14 நாள் வரை முழுவதையும் அழிக்கச் சொல்லலாம். அதன் பிறகு பெயர்ப்பட்டியல் அழிக்கப்பட்டு, தரவு தொகுப்பில் கலந்துவிடும் என்று எழுதுங்கள். 14 என்பது உங்கள் வசதி, 30ஆகவும் வைக்கலாம். கடைசித் தேதியை நேர்காணல் முடிந்ததும் சிறு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், படிவத்தைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இப்போது மருந்து மாற்றிக் கொடுத்த விஷயம். உங்கள் ஐந்தையும்விட இது கடினமானது, குழு இதைக் கேட்காமல் விட்டதே ஆச்சரியம். மூன்றாம் நபரான நோயாளி உங்களிடம் ஒப்புதல் தரவில்லை, அவர் அங்கே இல்லவும் இல்லை. பதிவைத் தொடங்கும் முன்னரே சொல்லுங்கள்: நோயாளி பெயர், படுக்கை எண், தேதி எதையும் சொல்ல வேண்டாம், பழைய சம்பவங்களைப் பொதுவாகப் பேசலாம், இப்போது ஒரு நோயாளிக்கு ஆபத்து தொடர்கிறது என்று தெரிந்தால் எங்களால் பேசாமல் இருக்க முடியாது. அப்படியும் ஒருவர் சொன்னால் பதிவை நிறுத்திவிட்டு முதலில் கேட்க வேண்டியது, அந்த நோயாளி இன்னும் சிகிச்சையில் இருக்கிறாரா, அந்தத் தவறு இன்னும் அவரைப் பாதிக்குமா என்பதே. பாதிக்கும் என்றால் அந்தச் செவிலியரே மருத்துவமனையின் தவறு அறிவிப்பு முறையில் பதிவுசெய்யத் துணை நில்லுங்கள். அவர் மறுத்தால் வழிகாட்டியிடமும் குழுத் தலைவரிடமும் அன்றே சொல்லுங்கள். என்றோ முடிந்துபோன சம்பவம் என்றால் அது ஆய்வுத் தரவு, ரகசியம் பொருந்தும். கட்டாயம் அறிவிக்க வேண்டிய தவறுகள் எவை என்பது நாட்டுக்கு நாடு, தொழில் பதிவுக்குத் தொழில் பதிவு மாறும். நீங்களே பதிவுபெற்ற செவிலியராக இருந்தால் ஆய்வாளர் என்ற தொப்பி அந்தக் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது. உங்கள் குழுவில் இருக்கும் சட்ட உறுப்பினரிடம் எழுத்தில் பதில் வாங்கிப் பின்னிணைப்பாகச் சேருங்கள்.

---

படிக்கட்டு:

விட்டுப்போன ஒன்று. திருத்திய முன்வரைவுக்கு அனுமதிக் கடிதம் வரும்வரை 'முன்னோட்டம்தானே' என்று நான்கைந்து பேரிடம் வினாத்தாளைக் கொடுத்து, அந்தத் தாள்களை இறுதித் தரவில் சேர்க்காதீர்கள். நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்டு அனுமதி தர மாட்டார்கள், இதழ்களும் அனுமதி எண்ணோடு தேதியையும் பார்க்கின்றன. அனுமதிக்குப் பிறகு ஒரு கேள்வியை மாற்றினாலும், சுவரொட்டியின் வாசகத்தை மாற்றினாலும், 60ஐ 75ஆக்கினாலும் முதலில் திருத்த விண்ணப்பம், பிறகுதான் களம்.

மறுசமர்ப்பிப்பில் குழுவின் ஐந்து குறிப்புகளையும் இடப்பக்கம் அப்படியே எழுதி, வலப்பக்கம் உங்கள் பதிலையும் முன்வரைவில் மாறிய பக்க எண்ணையும் போட்டு ஒரு அட்டவணை இணையுங்கள். மருந்துத் தவறு பற்றிய பகுதியை ஆறாவது வரியாக நீங்களே சேர்த்துவிடுங்கள்.

---

வைகறை_ஆய்வு:

அட்டவணை ஆரம்பமாகிவிட்டது. வெளி மருத்துவரின் ஒப்புதல் கடிதத்தில் என்னென்ன வாசகம் வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

---

கோடைமழை:

அரைப் பக்கம் போதும். ஆய்வின் தலைப்பு, நேர்காணல்கள் நடக்கும் காலம், அந்தக் காலத்தில் எந்தெந்த நேரம் போனில் கிடைப்பார், கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார், முதல் சந்திப்புக்குப் பங்கேற்பாளரிடம் கட்டணம் வாங்க மாட்டார், அப்படியானால் அதை யார் கொடுப்பது, வந்தவர் பெயரை மருத்துவமனை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க மாட்டார். கீழே கையெழுத்தும் பதிவு எண்ணும். கட்டணம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். 'ஆலோசனைக்கு அனுப்புவோம்' என்று எழுதிவிட்டு அதற்கான செலவைப் பங்கேற்பாளர் தலையில் கட்டும் முன்வரைவுகள் நிறைய வருகின்றன, குழு அதைக் கேட்கும்.